லண்டனில் பேசப்பட்ட நம் ஏரிகள்



முன்பெல்லாம் நம் பகுதியிலிருந்து கடல் கடந்தவர்கள் பிழைப்பை நாடியே சென்றனர். ஆண்மகன் மட்டும் செல்வான். பெட்டியும் கடிதமும் வரும். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை அவனும் வருவான். இல்லத்தரசிக்கு அயல்நாடு என்பது அஞ்சல் தலையிலும் வாசனைத் திரவியப் புட்டியிலும் கண்ட ஒன்றாகவே இருந்தது. இன்று நிலைமை மாறிவருகிறது. ஓரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைகள் பெருகியபின், அவற்றில் பணிபுரியும் நம் வீட்டுப் பிள்ளைகளை நிறுவனங்களே பயிற்சிக்கென ஐரோப்பாவுக்கு அனுப்பிவைக்கின்றன. பயிற்சி முடிந்ததும் ஒரு வாரம் விடுப்பெடுத்து, சொந்தச் செலவில் மனைவியை வரவழைத்து, இருவருமாக ஊர் பார்த்துத் திரும்பும் வழக்கமும் தோன்றியிருக்கிறது.

இவ்வழக்கத்தைப் பற்றி ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் பேச்சு எழாமல் இருக்குமா? "அவன் வேலைக்குப் போனான், சரி. அவளுக்கு அங்கே என்ன வேலை? அந்தக் காசைச் சேர்த்து வைத்தால் நாளைக்கு உம்ராவுக்கு ஆகுமே" என்று முதியவர் ஒருவர் என்னிடமே கேட்டார். அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹஜ் கடமையாகிவிட்ட ஒருவர் அதை ஒத்திவைத்துவிட்டு உல்லாசப் பயணம் புறப்பட்டால் அவருக்காக நான் பரிந்துபேசப் போவதில்லை. வட்டிக்குக் கடன் வாங்கி ஊர் சுற்றுவோருக்கும் இப்பக்கத்தில் இடமில்லை. ஆனால், "அவளுக்கு என்ன வேலை" என்ற பகுதியை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. பூமியில் சுற்றிவந்து முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்குமாறு திருமறை பல இடங்களில் நம்மை ஏவுகிறது. பார்ப்பதற்கான கண்ணும் சிந்திப்பதற்கான உள்ளமும் ஆணுக்கு மட்டுமே வழங்கப்பட்டவை அல்லவே!

இதைத் திண்ணைப் பேச்சாக விட்டுவிடாமல் எழுத்தில் கொண்டுவரக் காரணமானவர்கள், அவ்வாறு லண்டன் சென்று திரும்பிய நம் வாலாஜாபாத் தம்பதியர். கணவர் சிறு வயதில் என்னிடம் ஓதியவர். ஊர் திரும்பியபின் இருவரும் என் இல்லத்துக்கு வந்து கைப்பேசியில் படங்களைக் காட்டினர். கோபுரப் பாலம், அரண்மனை வாயிற் காவலர், தேம்ஸ் நதிக்கரையின் இராட்சதச் சக்கரம், மெழுகுப் பொம்மைகள், சிவப்பு நிற மாடிப் பேருந்து என எல்லோர் கைப்பேசியிலும் இருக்கும் அதே படங்கள். கணவர் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் எவ்வளவு என்று மனப்பாடமாய் ஒப்பித்தார். அம்மையார் அதுவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ஹஜ்ரத், வெஸ்ட்மின்ஸ்டர் அபேன்னு பெரிய பழைய கோயில். அதுக்குள்ளே சிலைக்குக் கீழே ஒரு கல்லுல ஹைதர் அலி பேர் இருக்கு. கர்நாட்டிக்னும் எழுதியிருக்கு. அது ஏன்னு இவங்களைக் கேட்டேன். கர்நாட்டிக்னா சங்கீதம், வா, சக்கரத்துக்கு நேரமாச்சுன்னுட்டாங்க."

கணவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி சிரித்து முடிக்கும் கேள்வி அன்று. ஐயாயிரம் மைல் தொலைவில், மன்னர்கள் முடிசூடும் தேவாலயத்தில், நம் வீட்டு வாசலை அந்தப் பெண்மணி அடையாளம் கண்டிருக்கிறார். அவருக்கு நான் சொன்ன விடையையே, சற்று விரித்து, இங்கே எழுதுகிறேன்.

அவர் கண்ட சின்னம் சர் அயர் கூட் என்னும் கும்பெனித் தளபதிக்காக எழுப்பப்பட்டது. அபேயின் வடபுறக் கைப்பகுதியில் இருக்கிறது. தாமஸ் பாங்க்ஸ் என்ற சிற்பி 1789-இல் அதை முடித்தார். சிறகுள்ள வெற்றித் தேவதை தளபதியின் உருவப் பதக்கத்தை ஒரு பனையில் மாட்டுகிறாள். கீழே கைதியாய் ஓர் இந்தியன் சோர்ந்து அமர்ந்திருக்கிறான். பனைமரம் லண்டனில் ஏது? அது நம் சோழமண்டலக் கரையின் மரம். கல்வெட்டில் காணும் 'கர்நாட்டிக்' சங்கீதம் அன்று. ஆற்காட்டு நவாபின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கருநாடகச் சீமை. நம் வாலாஜாபாத்தும் காஞ்சியும் உத்திரமேரூரும் அதனுள் அடங்கியவையே. 1781, 1782 ஆண்டுகளில் அச்சீமையில் ஹைதர் அலியை எதிர்த்துப் பல போர்களில் கூட் வென்றார் என்கிறது அக்கல்.

அப்போர்களில் ஒன்று, 1781 ஆகஸ்ட் 27 அன்று, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் நடந்தது. கல் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றும் உண்டு. அதே புள்ளலூரில், அதற்கு முந்திய ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், கர்னல் பெய்லி தலைமையில் வந்த கும்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் சூழ்ந்து முற்றாக அழித்தனர். இந்தியாவில் கும்பெனி அதுவரை கண்டிராத தோல்வி அது. உதவிக்கு வரவேண்டிய ஹெக்டர் மன்றோ பெரும்படையோடு காஞ்சிபுரத்தில் இருந்தார். உரிய நேரத்தில் வரவில்லை. பிறகு தம் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கிப் பின்வாங்கினார். அந்த வெற்றியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாக்கினார். அதன் தாள் பிரதி ஒன்று 2022-இல் லண்டனில் ஏலம் போனபோது 6,30,000 பவுனுக்கு விலைபோயிற்று. அந்தப் புள்ளலூர் நமக்கு இருசக்கர வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தூரம். 1781-இல் மாண்ட கும்பெனி அதிகாரிகளுக்கு எழுப்பிய இரண்டு நினைவுத் தூண்கள் அங்கே நிற்கின்றன. நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இனி, நம் ஊரின் பெயருக்கு வருவோம். 'வாலா' என்றால் பாரசீகத்தில் உயர்ந்த. 'ஜாஹ்' என்றால் பதவி. 'ஆபாத்' என்றால் குடியிருப்பு. உயர்பதவியாளர் என்று பொருள்படும் 'வாலாஜா' என்ற பட்டத்தை ஆற்காட்டு நவாப் முஹம்மது அலிக்கு வழங்கியவர் முகலாயப் பேரரசர் ஷா ஆலம். அந்நவாபின் பெயரால் அமைந்ததே, பின்னாளில் கும்பெனியின் படை முகாமாகவும் விளங்கிய நம் ஊர். சென்னைத் திருவல்லிக்கேணியின் வாலாஜா பள்ளிவாசலும் வாலாஜா சாலையும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. 1749 முதல் 1795 வரை பட்டத்தில் இருந்த அவர் லண்டனை ஒருபோதும் கண்டவரல்லர். ஆனால் அவருடைய பெயர் லண்டனில் ஒலிக்காத நாள் அக்காலத்தில் குறைவு. காரணம், கடன்.

கும்பெனியின் தயவில் அரியணை ஏறியவர், அதன் போர்ச் செலவுகளுக்காகக் கடனாளியானார். கும்பெனியின் ஊழியர்களே தத்தம் சொந்தப் பெயரில் அவருக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தனர். அது நூற்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட வட்டி! ஈடாக மாவட்டம் மாவட்டமாக நிலவரியை எழுதி வாங்கினர். கடன் கொடுத்தவருள் தலையாயவர் பால் பென்ஃபீல்ட் என்பவர். 1764-இல் கும்பெனி ஊழியராகச் சென்னையில் வந்து இறங்கியவர், சில ஆண்டுகளில் நவாபுக்கே கடன் கொடுக்கும் பெருந்தனவந்தர் ஆகிவிட்டார். தஞ்சை வருவாயின்மீது அவர் கோரிய பாத்தியதையை ஒட்டி எழுந்த பூசலில், 1776-இல் சென்னை ஆளுநர் பிகட் பிரபுவையே அவருடைய சபையினர் சிறைவைத்தனர். அவர் காவலிலேயே மறுஆண்டு மாண்டார். வட்டி ஏன் விலக்கப்பட்டது என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது, இந்த நவாபின் வரலாற்றைத்தான் நான் எடுத்துச் சொல்வது வழக்கம்.

அந்த வட்டியை உண்மையில் செலுத்தியவர் யார்? நவாபா? இல்லை, பாலாற்றங்கரையில் ஏர் பிடித்தவர்கள். செங்கல்பட்டுச் சீமையை நவாப் 1763-இல் கும்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பின் அதையே குத்தகைக்கு எடுத்து வரி தண்டிவந்தார். 1780-இல் ஹைதரின் குதிரைப்படை இச்சீமையை எரித்துச் சென்றது. ஊர்கள் காலியாயின, ஏரிகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. ஹைதரும் திப்புவும் அந்நியனை எதிர்த்த வீரர்கள் என்று போற்றுவது முறையே. ஆனால் அப்படையெடுப்பில் பட்டினி கிடந்தவர்கள் நம் பாட்டன்மார் என்பதையும் மறைக்கலாகாது.

இவ்விடத்தில்தான், அத்தம்பதியர் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்ட பாராளுமன்றக் கட்டடம் வருகிறது. 1784-இல் அமைந்த இந்திய மேற்பார்வை வாரியம், நவாபின் கடன்களை விசாரணையின்றியே ஏற்று, கருநாடக வருவாயிலிருந்து ஆண்டுதோறும் அடைக்க உத்தரவிட்டது. அதை எதிர்த்து 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் பல மணி நேரம் உரையாற்றினார். ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றிய உரை என்று அது நூலாகவும் வெளிவந்தது. மழையை நம்பி வாழும் இச்சீமைக்கு உயிர் அதன் ஏரிகளே என்பதை அவ்வுரையில் அவர் விளக்கினார். கருநாடகத்திலும் தஞ்சையிலுமாகப் பதினாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் இருக்கும் என்றார். கும்பெனியின் ஜாகீரில் மட்டும், இரண்டு மூன்று ஏக்கர் குட்டை முதல் ஐந்து மைல் சுற்றளவுள்ளவை வரை ஆயிரத்து நூறுக்கு மேல் உள்ளன என்று நிலப்படத்தைக் காட்டிக் கணக்குச் சொன்னார். உடைந்த ஏரிகளைச் செப்பனிடச் செல்லவேண்டிய பணத்தைப் பொய்க்கடன்காரர்களுக்குக் கொடுக்கிறீர்களே என்பது அவர் வாதத்தின் சாரம்.

அந்த ஜாகீர் என்பதுதான் நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதி. கணவர் நாள்தோறும் பணிக்குச் செல்லும் வழியில் கரையோரமாய்க் கடந்துபோகும் தென்னேரி அதில் உள்ளது. உத்திரமேரூர் ஏரியும் அப்படியே. லண்டன் பாராளுமன்றத்தில் நம் ஏரிகளுக்காக ஒருவர் தொண்டை வறளப் பேசினார் என்று நான் சொன்னபோது, அம்மையார் கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே வருணிக்காமல் விடுகிறேன்.

பர்க்கை அவுலியாவாக்கிவிட வேண்டா. அவர் எதிர்க்கட்சிக்காரர், அவருடைய உறவினர் வில்லியம் பர்க் என்பவரோ நவாபின் பகைவரான தஞ்சை மன்னரின் முகவர். ஆகவே அவ்வுரையில் அறச்சினத்தோடு கட்சிக் கணக்கும் கலந்திருந்தது. எனினும் அவர் சொன்னது பொய்யாகிவிடவில்லை. தீர்மானம் அன்று பெரும் வேறுபாட்டில் தோற்றது, பணம் கைமாறியது. பின்னர், 1801-இல் கருநாடகத்தைக் கும்பெனியே எடுத்துக்கொண்டபின், எஞ்சிய கடன்களை ஆராய 1805-இல் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. அதன் முன் வந்த கோரிக்கைகள் 3 கோடிப் பவுனுக்கு மேல். பல்லாண்டுகள் தோண்டித் துருவியபின் உண்மையென ஏற்கப்பட்டவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

பர்க் பேசிய அவை 1834-இல் தீக்கிரையாயிற்று. அதே இடத்தில் செயின்ட் ஸ்டீபன்ஸ் மண்டபம் கட்டப்பட்டுள்ளது. பழைய சபாநாயகர் இருக்கை எங்கே இருந்தது என்பதைத் தரையில் பித்தளைக் குமிழ்கள் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். பர்க்குக்கும் அவரை எதிர்த்து வென்ற தலைமை அமைச்சர் பிட்டுக்கும் அங்கே சிலைகள் உள்ளன. சனிக்கிழமைகளில் கட்டணம் செலுத்திப் பொதுமக்கள் உள்ளே சென்று பார்க்கலாம். இராட்சதச் சக்கரத்தில் ஏறி மேலிருந்து பாராளுமன்றத்தின் கூரையைக் காண்பதைவிட, அந்தத் தரையில் கால்மணி நேரம் நிற்பது பன்மடங்கு பயனுடையது என்பது என் துணிபு.

அபேயில் அம்மையார் காணாமல் வந்த இன்னொரு கல்லும் உண்டு. புலவர் மூலை எனப்படும் பகுதியில் தரையில் பதிந்த ஒரு பெயர், ஜேம்ஸ் மக்பர்சன். ஆஷியன் என்ற பழங்காலக் கவிஞனுடைய பாடல்களைக் கண்டெடுத்தேன் என்று சொல்லி ஐரோப்பாவையே மயக்கியவர். அவற்றில் பெரும்பகுதி அவரே புனைந்தவை என்பது ஆய்வாளர் முடிவு. அத்தகையவர்தாம் பிற்காலத்தில் நம் நவாபின் லண்டன் முகவர்! பாராளுமன்றத்தில் உறுப்பினராகவும் அமர்ந்திருந்தார். பொருத்தமான ஆளைத்தான் நவாப் பிடித்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

கடன் கழுத்தை நெரித்த அதே காலத்தில், 1777-இல், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் துணைவி சார்லட்டுக்கு நவாப் வைரங்களை அன்பளிப்பாக அனுப்பினார். 'ஆற்காட்டு வைரங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர். அரசியின் மறைவுக்குப்பின் விற்கப்பட்டு, 1837-இல் ஒரு பிரபுவின் குடும்பத்துக்குப் போய், 1959-இல் அமெரிக்க நகை வணிகர் கைக்கு மாறின. அரசரின் மனம் இளகும் என்று எண்ணினார் போலும். வைரம் போனது, கடன் நின்றது.

விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் திப்புவின் புலி இருக்கிறது. ஆங்கிலேயன் ஒருவன்மேல் பாய்ந்து கிடக்கும் மரப்புலி, உள்ளே இசைப்பெட்டி. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளையிற் போனது. 1792-இல் வங்கத்துத் தீவொன்றில் புலியடித்து மாண்ட இளைஞனின் நினைவில் செய்யப்பட்டது என்று கருதுவோர் உண்டு. அந்த இளைஞன், காஞ்சியில் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளினாரே, அந்த மன்றோவின் மகன். இந்த அருங்காட்சியகத்துக்கும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாத இடத்தில் மதிப்பும் இல்லை என்று எண்ணும் நம்மவர் சிலர் இவற்றைக் கடைசி நாளுக்கு ஒதுக்குகிறார்கள். முதல் நாளிலேயே செல்லுங்கள்.

கோடையில் செல்வோர் ஒன்றை முன்கூட்டி அறிந்துகொள்வது நலம். ஜூன் மாதத்தில் அங்கே மஃரிப் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் இடையே உறங்கக் கிடைக்கும் பொழுது மிகக் குறைவு. ஆகவே நண்பகலில் ஓய்வு கொள்ளும்படி அன்றாடத் திட்டத்தை வகுத்துக்கொள்க. இல்லையேல் மூன்றாம் நாள் இருவருக்கும் இடையே ஏற்படும் சச்சரவுக்கு லண்டன் பொறுப்பாகாது. கிழக்கு லண்டனில் பள்ளிவாசலுக்கும் ஹலால் உணவுக்கும் பஞ்சமில்லை. ஈஸ்ட் ஹாம் பக்கம் போனால் தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் இட்லி தோசையும் உண்டு.

அப்பகுதியில் பிரிக் லேன் ஜும்ஆ பள்ளியை மட்டும் தவறவிட வேண்டாம். 1743-இல் பிரான்சிலிருந்து சமய ஒடுக்குமுறைக்கு அஞ்சி வந்த கிறித்தவர்கள் தொழுவதற்குக் கட்டியது. பின்னர் மெதடிஸ்டுகளிடம் போய், 1898-இல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் ஆலயமாகி, 1976 முதல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாக விளங்குகிறது. சுவரில் 1743 என்று பொறித்த சூரியக் கடிகாரம் இன்னும் இருக்கிறது. வந்தேறிகள் என ஏசப்பட்டோர் ஒருவர்பின் ஒருவராக நெற்றி பதித்த தரை அது.

"அவளுக்கு அங்கே என்ன வேலை" என்று கேட்ட பெரியவருக்கு வோக்கிங் என்ற ஊரைச் சொல்ல வேண்டும். லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து அரைமணி அளவே இரயில் பயணம். பிரிட்டனில் பள்ளிவாசலாகவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட முதல் பள்ளிவாசல் அங்குதான், 1889-இல் எழுந்தது. அதன் பெயர் ஷாஜஹான் பள்ளி. தாஜ்மஹால் கட்டிய ஷாஜஹான் அல்லர். போபாலை ஆண்ட ஷாஜஹான் பேகம் என்ற பெண்மணி. அவர் கொடுத்த பொருளே அதற்கு ஆதாரம்.

வோக்கிங் வரை சென்றவர்கள் அடுத்த நிலையமான புரூக்வுட்டில் இறங்காமல் திரும்பக்கூடாது. அங்குள்ள பெரும் இடுகாட்டில் முஸ்லிம்களுக்கெனத் தனிப் பகுதி உண்டு. ஹைதராபாத் நிஜாமின் ஆதரவில் பணியாற்றித் திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த மர்மடியூக் பிக்தால் 1936-இல் அங்கே அடக்கப்பட்டார். அதே இடுகாட்டில் அப்துல்லாஹ் யூசுஃப் அலியும் அடங்கியிருக்கிறார். அவர் பெயரை அறியாத மதரஸா உண்டா? நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் ஆங்கிலத் தர்ஜுமா பெரும்பாலும் அவருடையதே. ஐ.சி.எஸ். அதிகாரியாய் வாழ்ந்தவர், ஆங்கிலேயப் பெண்ணை மணந்து, அம்மணம் முறிந்து, பெற்ற மக்களும் விலகிப் போனவர். முதுமையில் லண்டன் தெருக்களில் ஆதரவற்று அலைந்தார். 1953 டிசம்பரில், கடுங்குளிரில், ஒரு வீட்டு வாசற்படியில் கிடந்தவரைக் காவலர்கள் எடுத்துச் சென்றனர். அடுத்த நாளே மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அப்போது அவர் அருகில் உறவினர் யாருமில்லை.

எனவே வாட்டர்லூவில் பயணச்சீட்டு வாங்கும்போது வோக்கிங் என்று கேட்காமல் புரூக்வுட் வரை வாங்கிக்கொள்ளுங்கள். இடுகாடு பல நூறு ஏக்கர் பரப்புடையது. முஸ்லிம் பகுதிக்கு வழி கேட்டுச் செல்ல வேண்டியிருக்கும். அம்மையார் மறுமுறை போகும் வாய்ப்பு வந்தால் முதலில் அங்கேயே செல்லப்போவதாகச் சொன்னார். கணவர் மறுப்புச் சொல்லவில்லை.